அக்ராவுக்கு தனியா போறேன்: அடிஸ் அபாபால 14 மணி நேரமா, லாகோஸ்ல ஒரு ராத்திரியா? எது பரவால்ல?

திருச்சி_மலைக்கோட்டை
எல்லாருக்கும் வணக்கம். ஆபீஸ் ப்ராஜெக்ட் விஷயமா கானா நாட்டுக்கு, அக்ராவுக்கு போறேன், தனியா. நான் பொண்ணு, வயசு 28, இதுக்கு முன்னாடி சிங்கப்பூர் மட்டும் தான் போயிருக்கேன், அதுவும் அப்பா அம்மாவோட. டிக்கெட்ட நாமளே போட்டுக்கணும், ஆபீஸ்ல ஒரு தொகை மொத்தமா குடுத்துட்டாங்க, மிச்சமானா நமக்கு தான், அதனால தான் இந்தக் குழப்பமே.

ரெண்டு வழி பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ்ல சென்னை-அடிஸ் அபாபா (எத்தியோப்பியா)-அக்ரா, போகும்போது கொஞ்ச நேரம் தான் வெயிட்டிங் ஆனா திரும்பி வரும்போது அடிஸ்ல 14 மணி நேரம். இன்னொண்ணு ஒரு சைட்ல காட்டுச்சு, சென்னை-துபாய்-லாகோஸ் (நைஜீரியா) ஒரு டிக்கெட், லாகோஸ்-அக்ரா வேற ஏர்லைன்ஸ்ல தனி டிக்கெட், நடுவுல லாகோஸ்ல ராத்திரி 9 மணி நேரம். ரெண்டாவது 18 ஆயிரம் கம்மி. வீட்டுல ரெண்டு ஊர் பேரக் கேட்டும் அலறுறாங்க. அம்மா யூட்யூப்ல லாகோஸ் வீடியோவா பாத்துப் பாத்து தூங்கவே இல்ல. போயிட்டு வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

ரிட்டயர்டு_ரயில்வே
ரெண்டும் வேண்டாம். துபாய் வழியா எமிரேட்ஸ்லயே நேரா அக்ரா போகலாம், காசு கூட ஆனாலும் அதையே போடுங்க. எத்தியோப்பியால சண்டை, நைஜீரியால ஆள் கடத்தல், பேப்பர்ல படிக்கிறதே இல்லையா? 18 ஆயிரத்துக்காக ஒரு பொம்பளப் புள்ள ராத்திரி நேரம் லாகோஸ்ல உக்காந்திருக்கணுமா? பெத்தவங்க அலறாம என்ன செய்வாங்க.

ஜிம்மா_வாத்தியார்
வணக்கம்மா. நான் எத்தியோப்பியால யுனிவர்சிட்டில பாடம் எடுத்தவன். நம்ம ஊர் இஞ்சினியரிங் காலேஜ் வாத்தியாருங்க ஒரு காலத்துல கூட்டங்கூட்டமா அங்க போனோம், ஜிம்மா, அர்பா மிஞ்ச், வொல்லேகான்னு எங்க பாத்தாலும் நாலு தமிழ் ஆளு இருப்பாங்க. அடிஸ் ஏர்போர்ட்ட (போலேன்னு சொல்லுவாங்க) லீவுக்கு லீவு மிதிச்சிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

சண்டைன்னு ரயில்வே சார் சொல்றது பொய் இல்ல. வடக்க டிக்ரே பகுதில போர் 2020 நவம்பர்ல ஆரம்பிச்சு 2022 நவம்பர்ல பிரிட்டோரியால ஒப்பந்தம் போட்டு நின்னுச்சு, அதுக்கப்புறம் 2023 ஆகஸ்ட்ல அம்ஹாரா பகுதில எமர்ஜென்சி போட்டாங்க. ஒரோமியால ரோட்டுல பஸ்ஸ மறிச்சு ஆள தூக்கிட்டுப் போயி காசு கேக்குறதும் நடக்குது, 2024 ஜூலைல டெபார்க் யுனிவர்சிட்டில இருந்து ஊருக்குக் கிளம்பின பசங்கள அப்பிடித்தான் பிடிச்சிட்டுப் போனாங்க. ஆனா இதெல்லாம் அடிஸ்ஸ விட்டு வெளிய, ரோட்டு வழியா போறவங்களுக்கு வர்ற ஆபத்து. ஏர்போர்ட்டுக்குள்ள உக்காந்திருக்கிற ட்ரான்சிட் பயணிக்கு இதுல என்ன சம்பந்தம்? ஆப்பிரிக்கா பூராவும் போற வர்ற ஜனம் அங்க தான் மாறுது, ராத்திரி ரெண்டு மணிக்குப் போனாலும் நம்ம தாம்பரம் ஸ்டேஷன் தோத்துரும்.

அடிஸ்ல நிஜமா கவனிக்க வேண்டியது வேற.

முதல்ல, குளிர். ஊரு 2,300 மீட்டருக்கு மேல இருக்கு, ஊட்டிய விட உயரம். ஆப்பிரிக்கான்னதும் வெயில்னு நெனச்சு மெல்லிசு டாப்ஸோட வந்து டெர்மினல்ல நடுங்குற நம்ம ஆளுங்கள நெறைய பாத்திருக்கேன். ஸ்வெட்டரும் சால்வையும் கைப்பைலயே இருக்கட்டும்.

அப்புறம் மணி. அங்க உள்ளூர் கணக்குல காலைல 6 மணிக்கு தான் நாள் ஆரம்பிக்கும், நமக்கு 7 மணின்னா அவங்களுக்கு 1 மணி, 8 மணின்னா 2 மணி. டிக்கெட்டு போர்டிங் பாஸ் எல்லாத்துலயும் நம்ம மணி தான் இருக்கும், ஆனா ஹோட்டல் வேன் டிரைவர் வாயால "3 மணிக்கு வர்றேன்"னு சொன்னா அது 9 மணியாவும் இருக்கலாம். வாட்ச்ச காட்டி, முள்ளு எங்க வரும்போதுன்னு கேட்டுக்கோங்க. இதுல ஃப்ளைட்ட விட்ட குடும்பத்தையே எனக்குத் தெரியும்.

மூணாவது செக்யூரிட்டி. கட்டடத்துக்குள்ள நுழையும்போதே ஒரு தடவ ஸ்கேனிங், உள்ள மறுபடி ஒரு தடவ, ஷூ பெல்ட் எல்லாம் கழட்டணும், வரிசை நீளமா இருக்கும். ஹோட்டல் போயிட்டு திரும்புறதா இருந்தா மூணு மணி நேரம் முன்னாடியே வந்துருங்க. ட்ரோன் எதுவும் கொண்டு போயிராதீங்க, பிடுங்கி வச்சுப்பாங்க.

லாகோஸ் பத்தி எனக்கு அனுபவம் இல்ல, தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

தூத்துக்குடி_கப்பல்
லாகோஸ் பத்தி நான் சொல்லுதேன். கப்பல்ல வேலை, சைன் ஆன் பண்ண (அதான், வேலைக்கு கப்பல் ஏற) மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் அடிக்கடி போறவன். ஆனா எங்களுக்கு வாசல்லயே கம்பெனி ஏஜென்ட் போர்டு பிடிச்சிட்டு நிப்பான், லெட்டரு, சி.டி.சி. புக்கு (கப்பல்காரங்களோட அடையாளப் புத்தகம்), ஹோட்டலு, வண்டி எல்லாம் அவன் பொறுப்பு. அப்பிடி இருக்கப்பவே ஒரு நாட்டு ஏர்போர்ட்டுல (பேரு வேண்டாம், லாகோஸ் இல்ல) என்னையும் ஒரு மலையாளிப் பையனையும் ஓரமா நிப்பாட்டி ஹெல்த் கார்டுல சீல் சரியில்லன்னு ஒரு மணி நேரம் கதை அளந்தாம்லா. சீலு நல்லாத்தான் இருந்துச்சு. நாங்க சத்தமும் போடல, காசும் எடுக்கல, "ஏஜென்ட் வெளிய நிக்கான், அவங்கிட்ட பேசுங்க"ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னோம், கடைசில அலுத்துப் போயி விட்டான். அந்த மாதிரி இடத்துல ஆயுதமே பொறுமை தான். அவன் ஷிஃப்ட்டு முடியும், ஒங்களுக்கு அவசரம்னு அவனுக்குத் தெரியக்கூடாது.

தங்கச்சி, ஒங்க கேஸ்ல ஏஜென்ட் கிடையாது. ரெண்டாவது டிக்கெட் தனி டிக்கெட்டு. அப்படின்னா லாகோஸ்ல நீங்க ட்ரான்சிட்டே இல்ல, நைஜீரியாவுக்குள்ள போறிய. இமிக்ரேஷன் தாண்டணும், பெட்டிய எடுக்கணும், வெளிய வந்து மறுபடி செக்கின் போடணும். இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும். அந்தச் சைட்டு இத எங்கயாவது பெருசா போட்டுருக்கா? போட்டுருக்காது.

டிக்கெட்_கில்லி
பெட்டியே இல்லாம கேபின் பேக் மட்டும் எடுத்துட்டுப் போனா? ஆன்லைன்ல செக்கின் பண்ணிட்டு உள்ளேயே இருந்துக்கலாம்ல, விசா எதுக்கு. நான் ஐரோப்பால இப்படித்தான் பண்ணுவேன், பக்காவா வேலை செய்யும். 18 ஆயிரம் சும்மாவா.

மண்ணடி_டிக்கெட்டிங்
கில்லி தம்பி, ஐரோப்பாவ வச்சு மேற்கு ஆப்பிரிக்காவ கணக்குப் போடாதீங்க. மண்ணடில டிக்கெட் அடிச்சே தலை நரைச்சவன் சொல்றேன், கேட்டுக்கோங்க.

சென்னைல செக்கின் கவுன்ட்டர்ல இருக்கிற பொண்ணுக்கு ஸ்க்ரீன்ல தெரியிறது அவங்க ஏர்லைன்ஸோட டிக்கெட் மட்டும் தான். அதுல கடைசி ஊரு லாகோஸ். "நைஜீரியா விசா எங்க?"ன்னு கேப்பாங்க. நீங்க போன்ல இன்னொரு டிக்கெட்ட காட்டி கெஞ்சலாம், ஏத்துறதும் ஏத்தாததும் அன்னைக்கு இருக்கிற சூப்பர்வைசர் மனசு. விசா இல்லாத ஆள ஏத்திட்டுப் போனா திருப்பிக் கூட்டிட்டு வர்ற செலவு, அபராதம் எல்லாம் ஏர்லைன்ஸ் தலைல விடியும், அதனால முக்காவாசி பேரு ஏத்த மாட்டாங்க. தப்பிச்சுப் போயிட்டாலும் அந்த ரெண்டாவது ஏர்லைன்ஸ் ஆன்லைன் போர்டிங் பாஸ் ஒத்துக்குமா, உள்ள ட்ரான்சிட் கவுன்ட்டர் ராத்திரில திறந்திருக்குமா, இதெல்லாம் யாரு கேரண்டி? அக்ராவுக்கு ஆபீஸ் ப்ராஜெக்டுக்குப் போற பொண்ணு கேபின் பேக்கோட போகுமா?

இன்னொண்ணு. துபாய் ஃப்ளைட் லேட் ஆச்சுன்னு வைங்க. ஒரே பி.என்.ஆர்.னா அடுத்த ஃப்ளைட்ல ஏத்தி விடுறது, ரூம் போடுறது, சாப்பாடு எல்லாம் அவன் கடமை. தனித்தனி டிக்கெட்னா லாகோஸ்-அக்ரா காரன் "நோ ஷோ"ன்னு ஒரு கோடு கிழிச்சுட்டுப் போயிருவான். அப்ப நடு ராத்திரில அந்த ஏர்போர்ட்டுல புது டிக்கெட் வாங்கணும், கார்டுக்கு ஓடிபி வரணும், உங்க சிம்முக்கு ரோமிங் இருக்கணும். 18 ஆயிரம் மிச்சம்னு சொன்னது அங்கேயே ஆவியா போயிரும். தனியா போறவங்களுக்கு பயம் வர்ற இடமே இது தான், பிளான் உடைஞ்ச இடத்துல கூட யாரும் இல்லாம நிக்கிறது. அது லாகோஸா இருந்தாலும் ஒண்ணு, பாரிஸா இருந்தாலும் ஒண்ணு.

என் ஓட்டு எத்தியோப்பியன். ஆனா புக் பண்றப்ப முழுசும் ஒரே பி.என்.ஆர்.ல இருக்கான்னு பாருங்க, பெட்டி டேக்ல கடைசி ஊரு அக்ரான்னு சென்னைலயே அடிச்சிருக்கான்னு கவுன்ட்டர விட்டு நகர்றதுக்கு முன்னாடி படிச்சுப் பாருங்க.

டிக்கெட்_கில்லி
ஓகே ஓகே, நைஜீரியா விசா கதை எனக்குத் தெரியாது. வாபஸ்.

யாழ்_ஸ்கார்பரோ
இழைய வாசிச்சுக்கொண்டு வந்தனான், ஒரு விசயம் சொல்லோணும் எண்டு தோணுது. எல்லாரும் லாகோஸ், அடிஸ் எண்டு ஊரின்ர பேர வச்சுத்தான் ஆபத்தப் பற்றிக் கதைக்கிறியள். எங்கட ஆக்களுக்கு அப்பிடி இல்லை. சென்னையில கலியாணத்துக்குப் போகேக்க மலிவான டிக்கெட் எண்டு பாத்தா கொழும்பு வழி வரும். உங்களுக்கு அது பக்கத்து வீடு. கனடா பாஸ்போர்ட்டில பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு இருக்கிற எனக்கு, அங்க ஃப்ளைட் ரத்தாகி ஹோட்டலுக்கு வெளியில போ எண்டு சொன்னா வயித்தைக் கலக்கும். 1979ல வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் இருக்கு. 2014லயும் 2021லயும் வெளிநாட்டில இருக்கிற அமைப்புகளையும் ஆக்களையும் தடைப் பட்டியல் எண்டு கெசட்டில போட்டவை. ஒரே பேரில பத்துப் பேர் இருப்பினம், அங்க நிக்கிற அதிகாரிக்கு நான் எந்தப் பத்தில ஒண்டு எண்டு எப்பிடித் தெரியும்? கனபேர் பிரச்சினை இல்லாமப் போய் வருகினம், அதுவும் உண்மைதான். ஆனா நான் காசு கூடக் குடுத்து வேற வழியால போறனான்.

போன வருசம், 2025 நவம்பரில, ஷாங்காய் ஏர்போட்டில லண்டனில இருந்து ஜப்பான் போன இந்தியப் பெண் ஒராளை பிறந்த இடம் அருணாசலப் பிரதேசம் எண்டு இருந்ததால பாஸ்போட் செல்லாது எண்டு சொல்லி மணித்தியாலக்கணக்கில மறிச்சு வச்சிருந்தவை, செய்தியில வந்தது. மற்ற இந்தியருக்கு அங்க ஒரு கரைச்சலும் இல்லை. அதால தங்கச்சி, ஊர் எப்பிடி எண்டு கேக்கிறதோட, உங்கட பாஸ்போட்டு, பேர், பிறந்த இடம், ஃபோனுக்குள்ள இருக்கிற படம், பையில இருக்கிற குளிசை, இதெல்லாம் அந்த ஊருக்கு எப்பிடித் தெரியும் எண்டும் ஒருக்கா யோசியுங்கோ.

இன்னுமொண்டு, இலங்கைப் பாஸ்போட்டோட ஐரோப்பா வழியா வாற அம்மா அப்பாமாருக்கு: எந்த ஷெங்கன் நாட்டு (ஐரோப்பாவில ஒரே விசா செல்லுற நாடுகள்) ஏர்போட்டில மாறினாலும் இலங்கையருக்கு ட்ரான்சிட் விசா வேணும். செல்லுபடியான கனடா விசா இருந்தா விலக்கு இருக்கு. ஏஜென்சிக்காரர் இதச் சொல்ல மறந்துபோவினம்.

செவிலி_மஸ்கட்
யாழ் அண்ணா சொன்னதுல மாத்திரை விஷயத்தப் பிடிச்சுக்கிறேன். நான் ஓமன்ல நர்ஸ்.

ரயில்வே அப்பா துபாய்னா பயமே இல்லன்னு நெனைக்கிறாங்க. அங்க வழிப்பறி பயம் இல்ல, சட்டம் தான் பயம். இருமலுக்கு கோடீன் கலந்த சிரப், வலிக்கு டிரமடால், இதெல்லாம் முன்கூட்டியே அனுமதி வாங்காம அங்க கொண்டு போகக்கூடாது. கசகசா தடை! குருமாவுக்குன்னு அம்மா அரைச்சுக் குடுத்த மசாலாப்பொடில இருக்குமே, அதே தான். சிங்கப்பூர், சவுதிலயும் அதே கதை. "நான் ட்ரான்சிட் தானே, பெட்டி நேரா அக்ரா தானே போகுது"ன்னு கேப்பீங்க. 2024 ஏப்ரல் 16 துபாய்ல மழை கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா, 1949ல இருந்து அளந்து வச்ச கணக்குல அந்த மாதிரி மழை அந்த நாட்டுலயே இல்லன்னாங்க, ஏர்போர்ட் ரன்வே எல்லாம் குளம். அந்த மாதிரி நாள்ல ட்ரான்சிட்ல இருக்கிறவங்க வெளிய ஹோட்டலுக்குப் போற நிலைமை வரும், பெட்டி கைக்கு வரும், கஸ்டம்ஸ தாண்டி தான் போகணும். அப்புறம் 2025 ஜூன் 23, கத்தார்ல அமெரிக்க தளத்து மேல ஈரான் ஏவுகணை விட்ட அன்னைக்கு வான்வெளியவே மூடிட்டாங்க, தோஹா போக வேண்டிய ஃப்ளைட் எல்லாம் எங்கெங்கயோ இறங்குச்சு. "சேஃப்" ஊருன்னு நாம எழுதி வச்சிருக்கிற லிஸ்ட் ஒரே சாயங்காலத்துல மாறிடும்.

பொம்பளப் புள்ள தனியான்னு ஆரம்பிச்சதால சொல்றேன். 2020 அக்டோபர்ல தோஹா ஏர்போர்ட் டாய்லெட்ல பச்சக் குழந்தை கிடந்துச்சுன்னு ஃப்ளைட்டுல இருந்த பொம்பளைங்கள இறக்கி, கேக்காம கொள்ளாம உடம்பு பரிசோதனை பண்ணாங்க, ஆஸ்திரேலியா பெண்கள் கோர்ட் வரைக்கும் போனாங்க. உலகத்துலயே சொகுசான ஏர்போர்ட்ல நடந்தது இது. அந்தப் பொண்ணுங்க ராத்திரி வெளிய சுத்துனாங்களா என்ன?

மாத்திரைக்கு வர்றேன். எதுவா இருந்தாலும் அட்டையோட, டாக்டர் சீட்டு இங்கிலீஷ்ல, மருந்தோட மூலப்பேரோட (ஜெனரிக் பேரு). டப்பால கொட்டி எடுத்துட்டுப் போகாதீங்க. மேற்கு ஆப்பிரிக்கா போறதால இன்னும் கூடுதலா கவனம், ஏன்னா நம்ம நாட்டுல இருந்து போற வலி மாத்திரைங்க அங்க போதைக்கு ஓடுதுன்னு பெரிய பிரச்சனை, டாபென்டடால்-கரிசோப்ரோடால் கலவைய 2025 பிப்ரவரில நம்ம அரசாங்கமே தடை பண்ணுச்சு. இந்தியன் பையில வலி மாத்திரை கட்டுக்கட்டா இருந்தா அங்க எப்படிப் பாப்பாங்கன்னு யோசிங்க.

ரிட்டயர்டு_ரயில்வே
நான் ஆம்பள பொம்பள பாத்துச் சொல்லலம்மா, என் பொண்ணா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். சரி, கசகசா விஷயம் எனக்குப் புதுசு. வீட்டுக்காரி போன வாரம் தான் ஷார்ஜால இருக்கிற பையனுக்கு பார்சல் கட்டினா. பிரிச்சுப் பாக்கச் சொல்றேன்.

செவிலி_மஸ்கட்
உடனே பிரிங்க அப்பா 😄

திருச்சி_மலைக்கோட்டை
அய்யோ இவ்ளோ பதிலா, எல்லாருக்கும் நன்றி. லாகோஸ் ஆப்ஷன தூக்கிட்டேன், விசா வேணும்னே எனக்குத் தெரியாது, அந்த சைட்ல "செல்ஃப் ட்ரான்ஸ்ஃபர்"னு குட்டியா ஒரு வார்த்தை தான் இருந்துச்சு.

இப்ப கேள்வி, திரும்பி வர்றப்ப அடிஸ்ல அந்த 14 மணி நேரம் என்ன பண்றது? ஏர்லைன்ஸ் ஹோட்டல் தருவாங்கன்னு படிச்சேன். வெளிய போகலாமா, உள்ளயே இருக்கலாமா? சும்மா ஊரும் பாக்கலாம்னு ஒரு ஆசை, பொய் சொல்ல மாட்டேன்.

ஜிம்மா_வாத்தியார்
போகலாம்மா. ஒரே டிக்கெட்ல, அதுக்கு முன்னாடி வேற கனெக்ஷன் இல்லாம 8 மணி நேரத்துக்கு மேல காத்திருக்க வேண்டியிருந்தா ஹோட்டல் குடுக்குற வழக்கம் இருக்கு, ஆனா டிக்கெட் வகைய பொறுத்து மாறும், அதனால புக் பண்ணதும் ஏர்லைன்ஸ் ஆபீஸுக்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கி பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க. அங்க போயி வாயால கேட்டு வாதாடாதீங்க. விசா விஷயமும் அதே மெயில்ல கேளுங்க. ஏர்லைன்ஸ் பஸ்ல போயி ஏர்லைன்ஸ் பஸ்லயே வாங்க, வாசல்ல தோள்பட்டைய தொட்டு "டாக்சி, மேடம்"ங்கிறவன் கூட வேண்டாம். ஊர் சுத்தணும்னா பகல்ல, ஹோட்டல்ல சொல்லி ஃபெரெஸ் இல்லன்னா ரைட்ங்கிற டாக்சி ஆப்புல வண்டி வச்சுக்கோங்க. மியூசியத்துல லூசிங்கிற ஆதி மனுச இனத்து எலும்புக்கூட்டோட நகல பாத்துட்டு ஒரு காபி குடிச்சுட்டு வந்துரலாம். காபி பிறந்த நாடு, அத ஏர்போர்ட் கப்புல குடிச்சா பாவம். இஞ்செராவையும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க, ரெண்டு நாள் புளிச்ச மாவுல ஊத்தின தோசை மாதிரி இருக்கும், எனக்கு இப்பவும் நாக்குல ஊறுது.

தூத்துக்குடி_கப்பல்
வாத்தியாரு ஊரு பாசத்துல பேசுதாரு. நான் மாத்திச் சொல்லுதேன். மொத தடவ தனியா போற புள்ள, ரெண்டு தடவ இமிக்ரேஷன் வரிசை, ரெண்டு தடவ செக்யூரிட்டி, அந்த மணிக் குழப்பம் வேற, இதெல்லாம் போக ஹோட்டல்ல தூங்க எவ்ளோ நேரம் மிஞ்சும்? உள்ளயே இருங்க. குடும்பம் குழந்தையோட இருக்கவங்க பக்கத்துல உக்காருங்க, பை வாரை கால்ல சுத்திக்கிடுங்க, பாஸ்போர்ட்டு பைக்குள்ள இல்ல, சட்டைக்குள்ள. காசு குடுத்தா லவுஞ்சுல சோபா கிடைக்கும்.

உள்ளயும் ஒரு விஷயம். யூனிஃபார்ம் இல்லாம வந்து "பாஸ்போர்ட்ட குடுங்க மேடம், நான் சீக்கிரம் முடிச்சுத் தாரேன்"னு எவனாவது கேட்டா, எந்த ஊரா இருந்தாலும் சரி, குடுக்காதிய. கவுன்ட்டர்ல இருக்கவன் கையில மட்டும் தான் அது போகணும். யாராவது பெரியம்மா "இந்தப் பைய கொஞ்சம் பாத்துக்கம்மா, என் வெயிட்டு ஜாஸ்தி ஆயிட்டு, ஒன் பேருல போட்டுக்கிடுதியா"ன்னு தமிழ்ல கேட்டாலும் முடியாதுன்னு சொல்லிருங்க. தமிழ்ல கேட்டா தான் நாம ஏமாறுவோம்.

ஜிம்மா_வாத்தியார்
கப்பல் தம்பி சொல்ற கணக்கும் சரி தான், ராத்திரி வெயிட்டிங்னா நானும் உள்ளயே இருன்னு தான் சொல்லுவேன். பகல்னா போ. மலைக்கோட்டை, உங்களுது எந்த நேரம்?

திருச்சி_மலைக்கோட்டை
காலைல இறங்கி ராத்திரி கிளம்புறது சார்.

ஜிம்மா_வாத்தியார்
அப்ப லூசிய பாத்துட்டு வாங்க 🙂

ஓடுபாதை_ரசிகன்
விமானப் பைத்தியம் ஒருத்தன் நடுவுல நுழைஞ்சுக்கிறேன். எல்லாரும் நாம தேர்ந்தெடுக்கிற ஸ்டாப்ப பத்தியே பேசுறோம், தேர்ந்தெடுக்காத ஸ்டாப்பும் இருக்குல்ல. 2023 ஜூன்ல டெல்லி-சான் ஃபிரான்சிஸ்கோ ஏர் இந்தியா எஞ்சின் பிரச்சனைல ரஷ்யால மகதான்ல இறங்குச்சு, 216 பயணிங்க, பள்ளிக்கூடத்துல கூட படுக்க வச்சாங்க. 2025 ஏப்ரல்ல லண்டன்-மும்பை வர்ஜின் அட்லாண்டிக், ஒருத்தருக்கு உடம்பு முடியலன்னு துருக்கில தியார்பகிர்ல இறக்குனாங்க, அது ராணுவ விமானத்தளம், இறங்கினப்ப விமானத்துக்கும் பழுது, 250 பேருக்கு மேல 40 மணி நேரம் தாண்டி அங்கயே கிடந்தாங்க. 2022 ஜூலைல டெல்லி-துபாய் ஸ்பைஸ்ஜெட் கராச்சில. மின்ஸ்க் கதை தெரியும்ல, 2021 மே மாசம் ஏதென்ஸ்-வில்னியஸ் ரயன்ஏர வெடிகுண்டுன்னு சொல்லி பெலாரஸ்ல இறக்கி உள்ள இருந்த பத்திரிகையாளர பிடிச்சாங்க.

பயமுறுத்த சொல்லல, ரொம்ப அபூர்வம் இதெல்லாம். ஆனா தியார்பகிர் மாதிரி ஆச்சுன்னா பெட்டி விமானத்தோட வயித்துலயே தான் கிடக்கும், உங்ககிட்ட இருக்கிறது கைப்பை மட்டும். ரெண்டு நாள் மருந்து, ஒரு மாத்துத் துணி, நாப்கின், சார்ஜர், முறுக்கு. பவர் பேங்க் வச்சுக்கலாம் ஆனா இப்ப நெறைய ஏர்லைன்ஸ் உள்ள யூஸ் பண்ண விடுறதில்ல, எமிரேட்ஸ் 2025 அக்டோபர்ல இருந்து தடையே போட்டாங்க, அதனால ஏறுறதுக்கு முன்னாடி போன ஃபுல்லா ஏத்திக்கோங்க.

மண்ணடி_டிக்கெட்டிங்
ரசிகன் தம்பி லிஸ்ட்ல காகிதத்த விட்டுட்டீங்க. டிக்கெட், கானா விசா, ஆபீஸ் லெட்டர், தங்குற இடத்து விலாசம், பாஸ்போர்ட் நகல், எல்லாம் பேப்பர்ல. போன் செத்தா மனுசனும் செத்தான். அடிஸ்லயும் அக்ராவுலயும் இருக்கிற இந்தியத் தூதரக எமர்ஜென்சி நம்பர் அந்தப் பேப்பர்லயே எழுதி இருக்கட்டும், வீட்டுலயும் ஒரு நகல். டாலர் கொண்டு போறீங்கன்னா 2013க்கு அப்புறம் வந்த நீலப் பட்டை போட்ட 100 டாலர் நோட்டா வாங்குங்க, மடங்காம கிழியாம. பழைய நோட்ட ஆப்பிரிக்காவுல பல இடத்துல வாங்க மாட்டான் இல்லன்னா ரேட்ட குறைப்பான். சில்லறையா அஞ்சு பத்து டாலரும் வச்சுக்கோங்க.

இன்ஷூரன்ஸ் எடுக்குறப்ப விலக்குப் பக்கத்த படிங்க. போர், கலவரம்னா தர மாட்டோம்னு நெறைய பாலிசில இருக்கும். 300 ரூபா பாலிசியெல்லாம் செக்கின் கவுன்ட்டர்ல காட்டத்தான்.

திருச்சி_மலைக்கோட்டை
முடிவு பண்ணியாச்சு. எத்தியோப்பியன், ஒரே பி.என்.ஆர்., போட்டுட்டேன். ஹோட்டல் கேட்டு ஏர்லைன்ஸுக்கு மெயில் அனுப்பியிருக்கேன், பதில் வரல இன்னும். வரலன்னா கப்பல் அண்ணன் சொன்ன மாதிரி லவுஞ்சு. இந்த இழைய அப்பாவுக்கு அனுப்பினேன், முழுசா படிச்சுட்டு "அந்த வாத்தியார் நம்பர் கிடைக்குமா"ன்னு கேட்டார். சார், தனி மெசேஜ் போட்டிருக்கேன் பாருங்க.

சேலம்_மாம்பழம்
லேட்டா வர்றேன், மன்னிச்சுக்கோங்க. நானும் அடுத்த மாசம் அடிஸ் வழியா தான், ஆனா நான் தென்னாப்பிரிக்கா. மஞ்சக் காய்ச்சல் (யெல்லோ ஃபீவர்) ஊசி கட்டாயமா? நான் அடிஸ்ல ஏர்போர்ட்ட விட்டு வெளியவே வர மாட்டேன், ரெண்டு மணி நேரம் தான்.

செவிலி_மஸ்கட்
மலைக்கோட்டைக்கு கட்டாயம், கானாவுக்குள்ள நுழையவே ஊசி போட்டதுக்கான அந்த மஞ்சக் கார்டு கேப்பாங்க. எத்தியோப்பியா நம்ம நாட்டு மஞ்சள் காய்ச்சல் பட்டியல்ல இருக்கு, அதனால இந்தியா திரும்புறப்பவும் கார்டு கேப்பாங்க. ஏர்போர்ட்ட விட்டு வெளிய வராத ட்ரான்சிட் பயணிக்கு இந்தியாவுல விலக்கு இருக்கு, ஆனா அத ஏத்துக்கிறது நம்ம ஏர்போர்ட்ல இருக்கிற ஹெல்த் ஆபீசர் கைல. அவர் ஒத்துக்கலன்னா ஆறு நாள் வரைக்கும் தனியா வச்சுருவாங்க. தென்னாப்பிரிக்காவும் ட்ரான்சிட் நேரத்த கணக்குல எடுக்கிற நாடு. ஃப்ளைட் ரத்தாகி உங்கள ஹோட்டலுக்கு அனுப்பிட்டா அந்த விலக்கும் போச்சு. போட்டுருங்க, ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் செல்லும்.

சேலம்_மாம்பழம்
சேலத்துல கிடைக்குமாக்கா?

செவிலி_மஸ்கட்
எல்லா ஆஸ்பத்திரிலயும் போட மாட்டாங்க, அரசு அனுமதிச்ச மையம் தான். சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், ராஜாஜி சாலைல துறைமுக சுகாதார ஆபீஸ். முன்பதிவு பண்ணிட்டு ஒரிஜினல் பாஸ்போர்ட்டோட போங்க, கார்டுல அந்த நம்பர் தான் ஏறும். முட்டை அலர்ஜி இருந்தா முதல்லயே சொல்லிருங்க. ஊசி போட்டு பத்து நாள் கழிச்சு தான் கார்டு செல்லுபடியாகும், அதனால இந்த வாரமே ஸ்லாட் பாருங்க.